மோந்து பாருங்க மாமா

"இன்னாடா இது, எரிஞ்சு போன வலையாட்டம் நாறுது?"

துளசிங்கம் கிளாசைத் தள்ளி வைத்தார். லைட்ஹவுஸ் குப்பத்தில் இரண்டு ஃபைபர் போட்டுக்குச் சொந்தக்காரர். எதிரே மணலில் மனோஜ். ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவு ஊர்க்காரன், சென்னையில் ஒரு ஹோட்டல் பாரில் வேலை. தம்பி அஜித்குமாருக்கு அவர் மகள் சுபஸ்ரீயைக் கேட்டு மூன்றாவது முறையாக வந்திருந்தான். முதல் இரண்டு முறை பழத்தட்டு. இந்த முறை பாட்டில்.

"சிங்கிள் மால்ட், மாமா. மக்கிப்போன மண்ணை எரிச்சு, அந்தப் புகையில பார்லியைக் காய வைப்பாங்க."

"மண்ணை எரிக்கிறானா? விறகுக்கு வக்கில்லாத ஊரா?"

"கடைசியில சிவப்பு ஒயின் இருந்த பீப்பாயில ரெண்டு வருஷம் வைப்பாங்க."

"எவனோ குடிச்சிட்டுப் போட்ட பீப்பாயா? எச்சி சரக்கை எனக்கு ஊத்துற. முழங்கால் தண்ணியில வலை போடுற ஏரிக்காரனுக்குக் கடல்காரன் பொண்ணு கேக்குதா?"

மனோஜின் முகம் மாறவில்லை. "திட்டுங்க மாமா. ருசி பாத்துட்டுத் திட்டுங்க."

துளசிங்கம் ஒரே மடக்காக ஊற்றிக்கொள்ளப் போனார். மனோஜ் கையைப் பிடித்தான்.

"அப்படிக் குடிக்கக் கூடாது. கால் மணி நேரம் காத்தாட விட்டு மோந்து பாக்கணும்."

"சரக்கு இன்னா துணியா, காயப்போட?"

காத்தாட விட்டார்கள். மோந்தார். "டிஞ்சர் வாசம்."

"நாலு சொட்டு தண்ணி விட்டு பத்து நிமிஷம் வச்சா மாறும்."

பத்து நிமிடம் போனது. மறுபடியும் மோந்தார். "இப்ப தண்ணி விட்ட டிஞ்சர்."

"ஒரு வாய் வையுங்க. முழுங்காதீங்க. பதினெட்டு வருஷ சரக்கு. வருஷத்துக்கு ஒரு செகண்டு வாயில இருக்கணும்."

கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தவர், விழுங்கியதும் எழுந்தார். "தையல் கிளாஸ் விட்டிருக்கும். பொண்ணைக் கூட்டியாரணும். உன் தம்பி வேற பாலத்தாண்ட நிப்பான்."

"சத்தியமா அவன் அங்க இல்ல மாமா. உக்காருங்க. புகை அடங்கினதும் ஒயின் இனிப்பு வரும். அது எல்லா நாக்குக்கும் தெரியாதுனு சொல்வாங்க."

"என் நாக்குக்குத் தெரியாதா? ஊத்துடா."

உட்கார்ந்தார். இன்னொரு கிளாஸ். அதற்கும் காற்று, அதற்கும் சொட்டுத் தண்ணீர். அப்புறம் இன்னொன்று.

"இனிப்பும் வரல, ஒரு மண்ணும் வரல. உன் தம்பிக்குப் பொண்ணும் கிடையாது. கெளம்பு."

மனோஜின் போனில் மெசேஜ் ஒன்று வந்தது. திரையைப் பார்த்தான். பாட்டிலை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினான்.

"சம்மதம் வேணாம் மாமா. ரெண்டு பேரும் ஏறின ரயில் அனுப்பம்பட்டு ஸ்டேஷன் தாண்டிடுச்சாம். மிச்சத்தை நைனா ஒரே மடக்கா குடிக்கலாம்னு சுபஸ்ரீ சொல்லச் சொன்னா."