வயிற்றில் வைத்த எலும்பு

நசரத்பேட்டை விபத்துக்குப் பிறகு, மூளை வீக்கம் வடியும்வரை ஜெகதீஷின் மண்டையோட்டில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, கெட்டுப்போகாமலிருக்க அவன் வயிற்றுத் தோலுக்கடியிலேயே தைத்து வைத்திருந்தார்கள்.

“மண்டைல ஒண்ணுமில்லாதவன நெறயப் பாத்துகீறேன் மாமே. மண்டையே வயித்துல கீறவன் நீதான்” என்றான் ஆவடி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு யூசுப்.

மூன்றாம் மாதம் துண்டை எடுத்துத் தலையில் பொருத்தினார்கள். எலும்பு கூடுவதற்குத் தினமும் வயிற்றில் ஓர் ஊசி. அதைப் போடுவது மனைவி மைதிலியின் வேலை.

இருபதாம் நாள் ஊசி எதிலோ முட்டி வளைந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் ஒரு மண்டையோட்டுத் துண்டு இருந்தது.

“வெச்சது ஒண்ணு, எடுத்ததும் ஒண்ணு. இது ஏது டாக்டர்?”

டாக்டர் படத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். “தெரியலம்மா. ஆனா தலை நல்லா கூடிட்டு வருது. ஊசிய நிறுத்தினா தலைல வெச்ச எலும்பு கரைஞ்சுடும். அப்புறம் ஆளு தங்கமாட்டாரு.”

மைதிலி நிறுத்தவில்லை. ஜெகதீஷ் எழுந்து நடந்தான், தோசைக்குக் காரச் சட்னி கேட்டான், யூசுப்பைத் திட்டினான். வயிற்றில் இருந்தது நாளுக்கு நாள் உருண்டு திரண்டது. ஊசி இறங்க இடமில்லாமல் போயிற்று.

“இன்னாடி தேடிக்கினு கீற?”

“எடம்தான்.”

தடவிப் பார்த்ததில் வயிற்று உருண்டையின் உச்சியில் மட்டும் ஓரிடம் மெத்தென்றிருந்தது. பச்சைக் குழந்தையின் உச்சிக்குழிபோல அது துடித்துக்கொண்டிருந்தது. இப்போது தினமும் அங்கேதான் போடுகிறாள். போட்டு முடித்ததும் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் வைத்து, அமுக்காமல் தடவிவிடுகிறாள்.