ஆவாரைக்கு ஒரு குடம்

வாசலில் நட்ட ஆவாரைக்குச் சென்னிமலை தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். "காட்டுச்செடிக்கு எதுக்குங்க தண்ணி? தழைதான் வரும், பூக்காது" என்று அவர் மனைவி பாவாத்தாள் கத்துவாள். அவர் கேட்டதே இல்லை. அதுவும் பூத்ததே இல்லை. ஆடியில் அவர் போய்ச் சேர்ந்தார். அப்புறம் அந்தப் பக்கம் குடத்தோடு யாரும் போகவில்லை. தை பிறக்கப்போகிற நேரத்தில் செடி வெட்கமில்லாமல் மஞ்சளாகப் பூத்துக் கொட்டியது. பக்கத்து வீட்டுத் துளசிமணி வந்தாள். "உங்களுக்குத்தான் இந்த வருசம் பொங்கல் நோம்பி இல்லீங்களேக்கா. வாசல்ல வேப்பந்தழையோட சேத்துக் காப்புக் கட்ட ரெண்டு கொத்து ஒடிச்சுக்கட்டுங்களா?" "எல்லாத்தையும் ஒடிச்சுக்க" என்றாள் பாவாத்தாள். துளசிமணி போனதும் மொட்டையாக நின்ற செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், குடத்தை நிறைத்து இடுப்பில் தூக்கி வந்து, அதன் வேரில் நிதானமாக ஊற்றினாள்.