ஆயுசுக்கும் லைசென்ஸ்

"ஆயுசுக்கும்னு சொல்லித்தானே வித்தீங்க? இப்ப வருஷா வருஷம் புதுப்பிக்கணும்னா என்ன அர்த்தம்? யார் காதுல பூ சுத்துறீங்க?"

போனில் அவன் போட்ட சத்தத்தில், துணி மூட்டையோடு மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்த அவன் அக்காவே ஒரு கணம் நின்றுவிட்டாள்.

கோபம் வராமல் என்ன செய்யும்? ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தான் அவன் குடும்பமே இருந்தது. கல்யாண வீடியோ, குழந்தைகள் தவழ்ந்தது, விழுந்தது, பல் விழுந்த வாயோடு சிரித்தது, அவன் பிழைப்புக்கு வரையும் கட்டடப் படங்கள், எல்லாம். அவன் அதை 'சர்வர்' என்பான். மனைவி 'என் சக்களத்தி' என்பாள். வெளியே போய்விட்டு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பான்.

அதை இயக்கும் சாஃப்ட்வேர் ஒரு குட்டி பென் டிரைவில் இருந்தது. லைசென்ஸும் அதோடு கட்டிப்போட்டது. பென் டிரைவ் மக்கர் பண்ணவே, இன்று புதுசு வாங்கிச் செருகினான். திரையில் வந்து நின்றது: 'ஒரு வருட லைசென்ஸ். பிறகு புதுப்பித்துக்கொள்ளவும். சம்மதமா?'

சம்மதம் என்று சொல்லாதவரை பெட்டி திறக்காதாம்.

"இதோ பாரும்மா," என்றான் போனில். "உங்களை நம்பித்தான் எல்லாத்தையும் கொண்டாந்து இதுக்குள்ள கொட்டினேன். இப்ப நடு வழியில பேச்சை மாத்தினா நான் இதையெல்லாம் தூக்கிட்டு எங்க போவேன்? வந்த புதுசுல ஒரு பேச்சு, காலூன்றின பிறகு ஒரு பேச்சா?"

"சார், உங்க பழைய லைசென்ஸ் விவரத்தைப் பாத்துச் சொல்றேன். லைன்லயே இருங்க," என்றாள் மறுமுனையில் இருந்த கம்பெனிப் பெண். பாட்டு ஓடத் தொடங்கியது.

"மெதுவாப் பேசுங்களேன்," என்றாள் மனைவி. "அண்ணி காதுல விழுது."

"விழட்டுமே. நியாயத்தைத்தானே பேசுறேன்?"

அக்கா மூட்டையைச் சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் வைத்துவிட்டு, மறுபடி மாடிக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்து வந்து, தூங்கவேண்டிய நேரத்தில் சாமான் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த ரூம்ல ஜன்னல்கூட இல்லையேங்க," என்றாள் மனைவி, குரலை இறக்கி.

"ஃபேன் இருக்குல்ல? இந்தப் பெட்டி ஹால்ல கிடந்து கொதிக்குது. இதுக்குக் காத்து வேணும். மாடி ரூமை விட்டா வேற எங்க வைக்கிறது? அக்கா ஒத்த ஆள்தானே, கொஞ்சம் அனுசரிச்சுக்கட்டும். ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் பாக்கலாம்னு அவகிட்டயே சொல்லிட்டேன்."

மனைவி எதையோ சொல்ல வாயெடுத்தாள். பாட்டு நின்றது.

"சார்..."

"என்னம்மா? சாக்கு ஏதாவது கிடைச்சுதா?" அவனுக்குக் கோபம் மூக்குக்கு மேலே நின்றது. "வாக்குக் கொடுத்தா காப்பாத்தத் தெரியணும். முடியாதுன்னா கொடுக்கக் கூடாது. வாங்கினவன் என்ன இளிச்சவாயனா உங்களுக்கு? நம்பினவங்க கழுத்தை அறுக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் வெக்கமே கிடையாதா?"

அந்தப் பெண் அவன் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தாள்.

"சார், நீங்க 'புதிதாக வாங்க'ங்கிற பட்டனை அழுத்திட்டீங்க. வருஷக் கணக்கெல்லாம் இனிமே வாங்கறவங்களுக்குத்தான். அதுக்குக் கீழேயே 'பழைய லைசென்ஸை மாற்ற'ன்னு ஒண்ணு இருக்கும். அதை அழுத்துங்க. உங்களுக்கு அன்னைக்குச் சொன்னது சொன்னதுதான் சார். ஆயுசுக்கும்."

அழுத்தினான். பெட்டி ஒருமுறை முனகியது. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. திரையில், பல் விழுந்த வாயோடு அவன் மகள் சிரித்தாள்.

தப்பு தன்னுடையது என்று ஒரு வார்த்தை? ஒரு நன்றி? ம்ஹூம். போனை வைத்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டான்.

தலையணையைக் கக்கத்தில் இடுக்கியபடி அக்கா கடைசித் தடவையாக இறங்கி வந்தாள்.

"பாத்தியாக்கா?" என்றான் வெற்றிக் களிப்பில். "நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டதும் வழிக்கு வந்துட்டாங்க. இந்தக் காலத்துல கொடுத்த வாக்கைக் காப்பாத்த வைக்கணும்னா சத்தம் போட்டாத்தான் முடியும்!"

அக்கா மாடி அறைச் சாவியைப் பெட்டியின் தலைமேல் வைத்தாள்.

"நான் இந்த வீட்டை உன் பேருக்கு எழுதிக் கொடுத்தப்ப, 'மாடி ரூம் உன் ஆயுசுக்கும்க்கா'ன்னு நீயும்தான் சொன்னே. நான்தான்டா சத்தம் போடாம இருந்துட்டேன்."