பூனைக்கு வாங்கிவந்த மத்தி

“அப்போ இத்தனை வருஷமும் என் பொண்ணுக்கு விஷத்தையா ஊட்டி வளத்தேன், மாப்ள?” மீன் கடைக்காரர் போடுகிற சத்தம், துணி எடுக்கிற சாக்கில் எதிர்மாடியில் நிற்கும் எனக்கே காதை அடைக்கிறது. அடுக்களை மேடையில், விரித்த தாளின் மேல் ஒரு சுறாத் துண்டு ஜன்னல் வெயிலில் மினுங்குகிறது. அதற்கு இந்தப் பக்கம் மாசமாக இருக்கும் மகள். அந்தப் பக்கம், மீனை அரைத்துச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. “ஐயோ, அப்படிச் சொல்லல மாமா. பெரிய மீன் சின்ன மீனையெல்லாம் தின்னு தின்னு பாதரசத்தைச் சேத்து வெச்சிருக்கும். வயித்துப் பிள்ளைக்கு ஆகாது.” கடைக்காரர் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்குகிறார், செதில் ஒட்டிய கை என்பது நினைவு வந்து, தோள்பட்டையில் துடைத்துக்கொள்கிறார். மகள் அவர் கக்கத்தைக் காட்டுகிறாள். “அந்தப் பையில என்னப்பா?” “அதுவா... மத்தி. உன் பூனைக்கு.” “அதைத்தான் மாமா கொண்டுவரச் சொல்லணும்னு இருந்தேன்! பாதரசம் ரொம்பக் கம்மி. முள்ளோட சாப்பிட்டா கால்சியம் வேற.” “ராணி மாதிரி வளத்த பொண்ணுக்குப் பூனைச் சாப்பாடா?” என்று முனகினாலும், அவர் விரல் அதற்குள் மத்தியின் வயிற்றைக் கீறத் தொடங்கிவிட்டது. குழாய்த் தண்ணீரில் செதில்கள் வெள்ளியாகச் சிதறுகின்றன. மகள் சிரித்தபடி தட்டை நீட்டுகிறாள். சுறாத் துண்டை யாரும் கவனிக்கவில்லை; பூனை கவனிக்கிறது.

பெண் குழந்தை பிறந்ததும், கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் குடிபோய்விட்டார்கள். பூனை மட்டும் என்னோடு தங்கிவிட்டது. மத்தியை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.