நாற்பது விநாடி

வெட்டுக்கிளியின் மூளையில் ஒரே ஒரு செல்லுக்குள் ரெஜினாவின் கண்ணாடி ஊசி இறங்கியிருந்தது. செல் துடிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கர், எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி வெடித்தது. அவளுக்கு அது பன்னிரண்டு வருடப் பழக்கம். பக்கத்தில் நின்ற அன்வர் அதே செல்லைக் கணினியில் சமன்பாடுகளாகக் கட்டியவன். உயிரோடு ஒன்றை அவன் கேட்பது இதுதான் முதல் தடவை.

சட்டென்று சத்தம் நின்றது. பத்து விநாடி பொறுத்துவிட்டு, வழக்கம்போல ஊசியை உருவப் போனாள்.

"செத்துப்போச்சு சார். வேற செல் பார்க்கலாம்."

"எடுக்காதீங்க மேடம். என் கணக்குல இது இன்னும் சாகலை. நாப்பது விநாடி சும்மா இருக்கும், அப்புறம் மூணு தடவை அடிக்கும்."

"கணக்கு என்ன வேணா சொல்லும்."

ஆனாலும் கையை எடுத்துக்கொண்டாள். இருவரும் சுவர்க்கடிகாரத்தையே பார்த்தார்கள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

டப். டப். டப்.

"நிஜமாவே இருக்கு" என்றான் அன்வர்.

ரெஜினா அலமாரியைப் பார்த்தாள். பன்னிரண்டு வருட நோட்டுகள். பக்கத்துக்குப் பக்கம், அவள் கையெழுத்தில், 'செத்தது'.

ஊசியை அப்படியே விட்டு, ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினாள்.