குணமடைந்தவர்கள் முப்பத்தொரு பேர்

பத்தே நிமிடத்தில் கறுப்பு தீர்ந்துவிட்டது.

மேசைக்கு ஒரு கிரேயான் டப்பா, டப்பாவுக்குப் பன்னிரண்டு நிறம். மஞ்சளை யாரும் தொடவில்லை. கறுப்புக்கு மட்டும் குழாயடிச் சண்டை. கடைசித் துண்டை அமுக்கியது யார் என்று ஒருத்தி மேல் ஒருத்தி பழி போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைக்கவே இல்லை. பச்சையில் வரைந்தேன்.

“கறுப்பு வேணாமே. அது மனசை ஆத்துற நிறம் இல்லை” என்றார் ஓவியச் சிகிச்சை அம்மா. தீப்பிடித்த தையல் கூடத்தில் உயிர் பிழைத்த எங்களைக் குணப்படுத்த கம்பெனி கூட்டிவந்த ஆள்.

“பின்ன, புகையை ரோஸ்லயா வரையுறது?” என்றாள் காஜா மிஷின் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். சிரித்ததையும் அந்த அம்மா நோட்டில் குறித்துக்கொண்டார்.

மனதில் நிற்பதை வரைய வேண்டும். பெயர் எழுதக் கூடாது. கடைசியில் தாள்களையெல்லாம் தண்ணீரில் கரைக்க வேண்டும். வலி போய்விடும். கையோடு சான்றிதழ். இதற்காகத் துணி நனைக்கிற நீலத் தொட்டிக்கு ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள்.

மேனேஜர் எங்களுக்குப் பின்னால், கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தார்.

“நீங்களும் வரையலாமே சார்” என்றார் சிகிச்சை அம்மா.

“எனக்கு என்னம்மா வலி? நான் அன்னைக்கு ஊர்லயே இல்லை. சும்மா இவங்களுக்குத் துணைக்கு உக்காந்திருக்கேன்.”

விசாரணையிலும் இதையேதான் சொல்லியிருந்தார். கூடத்துக் கதவு பூட்டியிருக்கவில்லையாம். சூட்டில் இறுகிக்கொண்டதாம். ஏழாம் மேசை அக்கா பதற்றத்தில் திறக்கத் தெரியாமல் செத்துப்போனாளாம்.

திறக்கத் தெரியாமல்! பதினோரு வருடம் தினமும் திறந்த கதவு.

வெளியே பூட்டியிருந்தார்கள் என்று நான் கத்தினேன். “பூட்டை நீ கண்ணால பாத்தியாம்மா?” என்று கேட்டார் விசாரணை அதிகாரி. உள்ளே புகையில் கிடந்தவளுக்கு வெளிப்பூட்டு எப்படித் தெரியும்? நாங்கள் ஜன்னலை உடைத்து வந்தவர்கள். தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது கதவில் பூட்டே இல்லை. நாளைக்குக் கடைசி விசாரணை. அதோடு அக்கா, கதவு திறக்கத் தெரியாதவளாகவே கோப்பில் கிடப்பாள்.

“தாளெல்லாம் வாங்கிட்டு வாம்மா” என்றார் சிகிச்சை அம்மா என்னிடம்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அதனால் எந்தக் கூட்டம் நடந்தாலும் தாள் பொறுக்கும் வேலை எனக்கு. படித்துக் கிழித்தது அவ்வளவுதான்.

என் வேலை தரப் பரிசோதனை. சட்டையைக் கையில் எடுத்தாலே பிசகு கண்ணில் பட்டுவிடும். பட்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். அந்தச் சுருள் எப்போதும் என் பையில் இருக்கும்.

மேசைகளில் கவிழ்த்து வைத்திருந்த தாள்களைச் சேர்த்தெடுத்துப் புரட்டினேன். கதவு. கதவு. கதவு. பேசி வைத்தாற்போல எல்லோரும் அந்த ஒரே கதவு. இடப்பக்கம் கைப்பிடி, சுற்றிலும் புகை. காஜா அக்கா மட்டும் கதவுக்கு மேலே மேனேஜர் தலையை வரைந்து கொம்பு வைத்திருந்தாள்.

ஒன்றில் கைப்பிடி வலப்பக்கம் இருந்தது.

பிசகு. கை தானாக அம்பை ஒட்டிவிட்டது.

ஒட்டிய பிறகுதான் சரியாகப் பார்த்தேன். அதில் புகை இல்லை. கைப்பிடிக்கு மேலே ஒரு பூட்டு. தாள் கிழிகிற அளவுக்குத் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பு.

வெளியே நின்று பார்த்தால் அந்தக் கதவுக்குக் கைப்பிடி வலப்பக்கம்தான்.

எண்ணினேன். நாங்கள் முப்பத்தொரு பேர். தாள் முப்பத்திரண்டு.

ஒரு நொடி, ஏழாம் மேசை அக்காவும் வரைந்துவிட்டாளோ என்று தோன்றியது. ஆனால் அவளும் உள்ளேதானே இருந்தாள்.

“சீக்கிரம் கொண்டாம்மா, தண்ணி ரெடி.”

முப்பத்தொன்றைக் கொடுத்தேன்.

கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னார்கள். விட்டோம். கண்ணைத் திறந்தால் ஒன்றும் கரையவில்லை. கிரேயான் மெழுகு, எப்படிக் கரையும்? தொட்டி நிறைய எங்கள் கதவுகள் மிதந்தன. சிகிச்சை அம்மா துடைப்பக் கட்டையால் அமுக்கினார். அமுக்க அமுக்க ஒவ்வொரு கதவாக மேலே வந்தது.

“போயிடுச்சு, வலியெல்லாம் போயிடுச்சு” என்று மூச்சு வாங்கியபடி கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

சான்றிதழைக் கொடுத்தது மேனேஜர். ‘முழுமையாகக் குணமடைந்தார்’ என்று தங்க எழுத்து. என் முறை வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது.

“இப்ப எப்படிம்மா இருக்கு?”

“லேசா இருக்கு சார். உங்களுக்கு?”

அவர் அடுத்த சான்றிதழை எடுக்கத் திரும்பிக்கொண்டார்.

என்னுடையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில், அவர் பிடித்திருந்த இடத்தில், மெழுகுப் பிசுக்கோடு ஒரு கட்டைவிரல் ரேகை. கறுப்பு.

அதற்கும் ஒரு அம்பு ஒட்டி, பையில் அந்தத் தாளோடு சேர்த்து வைத்தேன்.