காயிலுக்கும் ரோட்டருக்கும் நடுவே

அறிவியல் காட்சியகத்தில் எல்லாரும் ராக்கெட் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டிருக்க, யாஸ்மின் மட்டும் ஒரு பம்ப்செட் மோட்டார் முன்னால் நிற்கிறாள். அதன் இரண்டு பக்க மூடிகளுக்கும் பதிலாகக் கண்ணாடி. உள்ளே செம்புக் காயில்கள் வட்டமாகப் படிந்திருக்கின்றன; நடுவே ரோட்டர், சுழலும் இரும்பு உருளை. உக்கடத்து வீட்டில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடமாக அவள் சுற்றுவது இவற்றைத்தான். சுற்றி, நூலால் கட்டிப் பட்டறைக்கு அனுப்புவதோடு சரி. அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்பதை இன்றுதான் பார்க்கிறாள். யாராவது கேட்டால் அவள் கணவன் ஜாவித், "அவ சும்மா கம்பி சுத்திட்டிருப்பா" என்பான்.

"இதுதானுங்க காயில்," என்கிறார் வழிகாட்டி.

"அது தெரியுங்க. இது எப்படி நடுவுல இருக்கற ரோட்டரப் புடிச்சுச் சுத்துது?"

"புடிக்கறதே இல்லீங்கக்கா. தொடாமத்தான் சுத்துது."

அவள் நம்பாமல், கண்ணாடியில் நெற்றி படக் குனிகிறாள். வழிகாட்டி மோட்டாருக்குப் பின்னாலிருக்கும் விளக்கைப் போடுகிறார். காயில்களுக்கும் ரோட்டருக்கும் இடையே மயிரிழை கனத்தில் ஒரு வெளிச்ச வளையம் எழுகிறது, எங்குமே அறுபடாமல். பொத்தானை அமுக்குகிறார். ரோட்டர் உறுமிக் கிளம்பி, சுழல்வதே தெரியாத வேகத்தில் பளபளக்கிறது. வெளிச்ச வளையம் அப்படியே அசையாமல் நிற்கிறது. தரையின் அதிர்வு அவள் உள்ளங்கால்களில் ஏறுகிறது. கம்பி உரசித் தழும்பேறிய சுட்டுவிரலைக் கண்ணாடிமேல் வைத்து, அந்த வளையத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றி வருகிறாள்.

"யாஸ்மின், ராக்கெட்டுகிட்ட வா, போட்டோ எடுக்கலாம்," என்று ஜாவித் கூப்பிடுகிறான்.

அவள் திரும்பவில்லை.

"நீங்க இங்க வாங்க. என் வேலையப் பாருங்க."